அலுவலகத் தொண்டூழிய நாள்: உண்மையில் யாருக்குப் பயன்?

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணி. ஷென்டன் வேயில் ஒரு பேருந்து நிற்கிறது. ஏறுகிற எல்லாரும் ஒரே நிறத்தில் டி-சட்டை போட்டிருக்கிறார்கள். மற்ற நாள்களில் அந்த நேரத்துக்கு மடிக்கணினியைத் திறந்து மின்னஞ்சல் பார்க்கும் கணக்காய்வாளர்கள், வங்கி ஊழியர்கள், மனிதவள அதிகாரிகள். இன்றைக்கு அவர்கள் போவது லிம் சூ காங் பக்கத்தில் உள்ள ஒரு சதுப்புநிலத்துக்கு. குப்பை பொறுக்க.

இரண்டு மணி நேரம் வேலை. பிளாஸ்டிக் போத்தல், உணவுப் பெட்டி, கயிறு, ஒற்றைச் செருப்பு என்று சாக்குகள் நிரம்புகின்றன. பிறகு பதாகையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழுப்படம். மாலைக்குள் அது லிங்க்ட்இன்-இல் வந்துவிடும்.

இப்படி ஒரு காலை உங்களுக்கும் வாய்த்திருக்கலாம். இல்லையென்றால், வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே "யாரெல்லாம் வர்றீங்க?" என்று ஒரு மின்னஞ்சல் வரும்.

நல்ல காரியம்தானே, இதுல கேள்வி கேட்க என்ன இருக்கு?

இருக்கிறது. இந்த நாளில் உங்கள் நேரம் செலவாகிறது. உங்களை வரவேற்கும் அமைப்பின் நேரமும் செலவாகிறது. பல வேளைகளில் பொதுமக்களின் வரிப்பணமும் இதில் சேர்கிறது. எனவே அது எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

நாட்டில் எத்தனை பேர் தொண்டூழியம் செய்கிறார்கள்?

தேசியத் தொண்டூழிய, கொடையாளர் நிலையம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வு நடத்துகிறது. கடந்த 12 மாதங்களில் தொண்டூழியம் செய்தீர்களா என்று மக்களைக் கேட்கிறது.

- 2016: 35 விழுக்காட்டினர் ஆம் என்றனர்
- 2018: 29 விழுக்காடு
- 2021: 22 விழுக்காடு
- 2023: 30 விழுக்காடு

2021ஆம் ஆண்டின் சரிவுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. கோவிட்-19 காலத்தில் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்ட முடியவில்லை. அதன் பிறகு எண்ணிக்கை மீண்டிருக்கிறது. ஆனால் 2023 ஆய்விலும் அது 2016ஆம் ஆண்டின் அளவைத் தொடவில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப எல்லாரும் பார்க்கும் இடம் அலுவலகம். காரணம் எளிது. வேலைக்குப் போகும் ஒருவர் தானாகத் தேடிப் போய் ஓர் அமைப்பில் சேர நேரம் எடுக்கும். முதலாளியே பேருந்து ஏற்பாடு செய்து, வேலை நேரத்தில் போகச் சொன்னால் உடனே கிளம்பிவிடுவார். பலருக்கு வாழ்க்கையின் முதல் தொண்டூழிய அனுபவமே அலுவலகத்தோடு போனதாக இருக்கும். பள்ளியில் கட்டாயமாகச் செய்ததைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

நிறுவனங்களுக்கு ஏன் இதில் ஆர்வம்?

நல்லெண்ணம் ஒரு காரணம். அதைச் சந்தேகிக்கத் தேவையில்லை. அதோடு வேறு மூன்று காரணங்களும் உண்டு.

ஒன்று, ஆள்சேர்ப்பு. இளையர்கள் நேர்முகத் தேர்வில் "உங்க நிறுவனம் சமூகத்துக்கு என்ன செய்யுது?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல ஏதாவது வேண்டும்.

இரண்டு, அறிக்கை. சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஆண்டுதோறும் நீடித்த நிலைத்தன்மை அறிக்கை வெளியிட வேண்டும். 2017 டிசம்பர் 31 அன்றோ அதற்குப் பிறகோ முடிந்த நிதியாண்டிலிருந்து இந்த நடைமுறை உள்ளது. அந்த அறிக்கையில் "எங்கள் ஊழியர்கள் இத்தனை மணி நேரம் தொண்டூழியம் செய்தார்கள்" என்பது போடுவதற்குச் சுலபமான ஓர் எண். பக்கத்தில் படமும் அழகாக வரும்.

மூன்று, வரி. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் பலருக்கு இது தெரியாது.

வரிச்சலுகை எப்படி வேலை செய்கிறது?

2016 ஜூலையில் ஒரு திட்டம் தொடங்கியது. இப்போது அதன் பெயர் நிறுவனத் தொண்டூழியத் திட்டம். பொது நல அமைப்பு என்ற தகுதி பெற்ற ஓர் அறநிறுவனத்துக்கு ஊழியர்களைத் தொண்டூழியம் செய்ய அனுப்பினால், அந்த நேரத்துக்கான சம்பளத்துக்கும் தகுதிபெறும் செலவுக்கும் 250 விழுக்காடு வரிக் கழிவு கிடைக்கும். 2023 வரவுசெலவுத் திட்டத்தில் இது 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. இணையம் வழியாகவோ அமைப்பின் வளாகத்துக்கு வெளியிலோ செய்யும் தொண்டும் 2024 முதல் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

சரி, 250 விழுக்காடு என்றால் நிறுவனம் லாபம் பார்க்கிறதா? இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

உங்கள் குழு ஒரு நாள் தொண்டூழியம் செய்த நேரத்துக்கான சம்பளம் 1,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

- சாதாரணமாக நிறுவனம் அந்த 1,000 வெள்ளியைத் தன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 17 விழுக்காடு நிறுவன வரி விகிதத்தில் அதனால் மிச்சமாகும் வரி 170 வெள்ளி.
- திட்டத்தின்கீழ் 2,500 வெள்ளியைக் கழிக்கலாம். மிச்சமாகும் வரி 425 வெள்ளி.
- வித்தியாசம் 255 வெள்ளி.

ஆக, அந்த 1,000 வெள்ளியில் பெரும்பகுதியை நிறுவனம்தான் ஏற்கிறது. ஆனால் கூடுதலாக 255 வெள்ளி அரசாங்கத்துக்கு வராமல் போகிறது. அதாவது, அந்த நாளுக்கு நாம் எல்லாரும் சேர்ந்து கொஞ்சம் பணம் போட்டிருக்கிறோம்.

இதற்கு வரம்பும் உண்டு. ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 250,000 வெள்ளி வரையிலான செலவைத்தான் காட்டலாம். ஒரு பொது நல அமைப்புக்கு ஆண்டுக்கு 100,000 வெள்ளி என்று இன்னொரு வரம்பு உள்ளது.

இன்னொன்றும் முக்கியம். உங்கள் அலுவலகம் எந்த அமைப்போடும் சேராமல், தானாக ஈஸ்ட் கோஸ்ட் போய் இரண்டு மணி நேரம் குப்பை பொறுக்கினால் இந்தச் சலுகை கிடையாது. தகுதிபெற்ற அமைப்போடு சேர்ந்து செய்ய வேண்டும். ஆகவே நிறுவனங்கள் அமைப்புகளைத் தேடிப் போகின்றன. பிரச்சினையும் அங்கேதான் தொடங்குகிறது.

வரவேற்கும் அமைப்புக்கு என்ன செலவு?

அறுபது பேர் ஒரு சதுப்புநிலத்துக்கு வருகிறார்கள் என்றால், அதற்கு முன்னால் ஒருவர் அங்கே போய்ப் பார்த்திருக்க வேண்டும். எங்கே சேறு ஆழம், எங்கே கண்ணாடித் துண்டு கிடக்கிறது, எங்கே மரக்கன்றுகள் முளைத்திருக்கின்றன, மழை வந்தால் எங்கே ஒதுங்குவது, கழிவறை எங்கே என்று குறித்திருக்க வேண்டும். கையுறை, சாக்கு, தராசு எல்லாம் எடுத்துவர வேண்டும். பொறுக்கிய குப்பையை யார் வந்து எடுத்துப் போவார்கள் என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் கடல்மட்டம். சதுப்புநிலத்தில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில்தான் இறங்க முடியும். அந்த நேரம் நாளுக்கு நாள் மாறும். அலுவலக நாள்காட்டியில் "வெள்ளி காலை 9 முதல் 11 வரை" என்று கட்டம் போட்டதற்காகக் கடல் பின்வாங்காது.

நான் ஒருமுறை அலுவலக நண்பர்களோடு இப்படிப் போயிருக்கிறேன். எங்களுக்கு வசதியான நேரத்தைத்தான் கொடுத்திருந்தோம். போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் கரையேற வேண்டியதாகிவிட்டது. ஒருங்கிணைப்பாளர் சிரித்த முகத்தோடு எங்களைக் கரையோரப் புல்வெளிக்கு அழைத்துப் போனார். அங்கே பொறுக்க அதிகம் ஒன்றும் இல்லை. படம் மட்டும் நன்றாக வந்தது. அன்று அவருடைய காலை நேரம் முழுவதும் எங்களுக்காகப் போனது. எங்கள் கணக்கில் அது "தொண்டூழிய மணி நேரம்" என்று பதிவானது.

இன்னொரு சிக்கல், எல்லாரும் ஒரே நாளில் வர விரும்புவது. ஏப்ரல் 22 பூமி தினம், ஜூன் 5 உலகச் சுற்றுப்புற தினம், செப்டம்பரில் அனைத்துலகக் கடலோரத் துப்புரவு. அந்த வாரங்களில் கையுறை போதாது. மற்ற மாதங்களிலும் குப்பை வந்துகொண்டுதான் இருக்கிறது.

கணக்கில் பார்த்தால் அறுபது பேர் இரண்டு மணி நேரம் வேலை செய்தால் 120 மணி நேரம். ஆறு பேர் ஆண்டு முழுவதும் ஆளுக்கு 20 மணி நேரம் வந்தாலும் அதே 120தான். அறிக்கையில் இரண்டுக்கும் ஒரே எண். ஆனால் அமைப்புக்கு இரண்டும் ஒன்றல்ல. அந்த ஆறு பேருக்கு இடம் பழகிவிடும். நாலாவது முறை அவர்களே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

அப்போ குப்பை பொறுக்குவது வீண் வேலையா?

இல்லை. அவசரப்பட வேண்டாம்.

ஈஸ்ட் கோஸ்ட் போன்ற பொழுதுபோக்குக் கடற்கரைகளைத் துப்புரவு ஊழியர்கள் தொடர்ந்து சுத்தம் செய்கிறார்கள். அதனால்தான் காலையில் அங்கே மணல் அவ்வளவு சுத்தமாகத் தெரிகிறது. சதுப்புநிலம் அப்படியில்லை. வேர்களுக்கு இடையே இயந்திரம் போகாது. மனிதக் கைதான் போக முடியும். அங்கே தொண்டூழியர்களுக்கு உண்மையான வேலை இருக்கிறது.

அனைத்துலகக் கடலோரத் துப்புரவு சிங்கப்பூரில் 1992இல் தொடங்கியது. தொண்டூழியர்களே அதை ஒருங்கிணைக்கிறார்கள். அதன் சிறப்பு சாக்கு எடையில் இல்லை, படிவத்தில் இருக்கிறது. எத்தனை போத்தல், எத்தனை உறிஞ்சுகுழல், எத்தனை சிகரெட் துண்டு, எத்தனை நெகிழிப் பை என்று ஒவ்வொன்றாக எண்ணி எழுதுகிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்த அந்தக் கணக்கு, எந்தப் பொருள் கடலுக்குப் போகிறது என்று காட்டுகிறது.

குப்பை எடுக்கும்போது கரை ஒரு நாளுக்குச் சுத்தமாகிறது. எண்ணி எழுதும்போது அது ஏன் வருகிறது என்று பேச ஆதாரம் கிடைக்கிறது. உங்கள் குழுவில் யாரும் படிவத்தைப் பிடிக்கவில்லை என்றால், பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

ஊற்றை அடைக்காமல் தரையைத் துடைத்துக்கொண்டே இருக்க முடியாது, இல்லையா? பானப் போத்தல்களுக்கும் டின்களுக்கும் 10 காசு முன்பணம் வசூலித்து, திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் திருப்பித் தரும் திட்டத்துக்கு 2023இல் சட்டம் இடம் கொடுத்தது. அது 2026 ஏப்ரல் 1இல் தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டது. ஓர் ஆயிரம் பேர் ஒரு நாள் போத்தல் பொறுக்குவதைவிட, போத்தலை வீச மனம் வராமல் செய்வது பெரிய வேலை.

பொறுக்கிய குப்பை எங்கே போகிறது என்பதையும் மறக்கக் கூடாது. அது எரியுலைக்குப் போகிறது. சாம்பல் செமக்காவ் தீவுக்குப் போகிறது. 1999 முதல் இயங்கும் அந்த நிரப்புநிலம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. ஒரு நாள் நிகழ்ச்சிக்காகப் புது டி-சட்டை, புதுத் தண்ணீர்ப் போத்தல், ஒருமுறை பயன்படுத்தும் கையுறை, பொட்டலச் சாப்பாடு என்று வாங்கினால், நாமும் அந்தத் தீவுக்குக் கொஞ்சம் அனுப்பி வைக்கிறோம்.

ஒரு வங்கியாளரும் பறவைகளும்

நிறுவன ஊழியர்கள் சுற்றுப்புறத்துக்காகச் செய்த மிகப் பெரிய வேலை எது என்று கேட்டால், எனக்குத் தோன்றுவது சுங்கை பூலோ. அதில் குழுப்படமோ ஒரே நிற டி-சட்டையோ கிடையாது.

1986. கிராஞ்சிக்கு அருகே கைவிடப்படும் நிலையில் இருந்த இறால் குளங்கள். அந்த இடத்தில் வேளாண் தொழில்நுட்பப் பூங்கா வருவதாக இருந்தது. ரிச்சர்ட் ஹேல் என்ற வங்கியாளர் ஓய்வு நேரத்தில் பறவை பார்ப்பவர். சைபீரியா போன்ற தொலைதூர இடங்களிலிருந்து வலசை வரும் பறவைகள் கூட்டங்கூட்டமாக அங்கே இறங்குவதை அவர் கவனித்தார். அவரும் அப்போது மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையாக இருந்த அமைப்பின் உறுப்பினர்களும் என்ன செய்தார்கள்?

பறவைகளை எண்ணினார்கள். வகைப்படுத்தினார்கள். அந்த இடத்தை ஏன் காக்க வேண்டும், எப்படிக் காக்கலாம் என்று ஒரு முன்மொழிவு எழுதி அரசாங்கத்திடம் கொடுத்தார்கள். வங்கியில் ஒரு திட்டத்துக்கு நிதி கேட்டு ஆவணம் தயாரிப்பது போன்ற வேலைதான் அது. ஆதாரம், வரைபடம், செய்யக்கூடிய யோசனை.

- 1989: 87 ஹெக்டர் நிலம் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது
- 1993: பூங்கா திறக்கப்பட்டது
- 2002: 130 ஹெக்டராக விரிந்து இயற்கை வனப்பகுதி என்ற சட்டப் பாதுகாப்புப் பெற்றது
- 2003: ஆசியான் மரபுடைமைப் பூங்கா என்ற தகுதி கிடைத்தது

புலாவ் உபினின் கிழக்கு முனையில் உள்ள செக் ஜாவாவின் கதையும் அதைப் போன்றதுதான். அங்கே நில மீட்புப் பணி நடக்கவிருந்தது. 2001இல் தொண்டூழியர்கள் அங்கே இருந்த உயிரினங்களைப் பதிவு செய்தார்கள். பொதுமக்கள் பலர் கருத்து எழுதி அனுப்பினார்கள். 2002 ஜனவரியில் நில மீட்புப் பணி தள்ளிவைக்கப்பட்டது. இன்றும் அங்கே மரப்பாலத்தில் நடக்க முடிகிறது.

இந்த இரண்டு வேலைகளும் ஒரு நாளில் முடியவில்லை. அலுவலகத்தில் தினமும் பயன்படுத்தும் திறமைதான் அங்கேயும் கைகொடுத்தது. எண்ணுவது, எழுதுவது, வாதத்தை அடுக்குவது, சரியான ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

கையுறையா, கணினியா?

இப்போது பல நிறுவனங்கள் திறன் சார்ந்த தொண்டூழியம் பற்றிப் பேசுகின்றன. வழக்கறிஞர்கள் 'புரோ போனோ எஸ்ஜி' வழியாக இலவசச் சட்ட ஆலோசனை தருகிறார்கள். கணக்காளர்கள் சிறிய அறநிறுவனங்களின் கணக்கு வழக்கைச் சீர் செய்து தருகிறார்கள். பதிவு பெற்ற அறநிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக் கணக்கு சமர்ப்பிக்க வேண்டும். மூன்று ஊழியர்கள் மட்டும் இருக்கும் அமைப்பில் அந்த வேலையை யார் பார்ப்பது? ஒரு கணக்காளரின் இரண்டு சனிக்கிழமை அங்கே பெரிய உதவி.

ஆனால் இதிலும் ஒரு பொறி உண்டு. நமக்குத் தெரிந்ததைக் கொடுக்கத் துடிப்போம். அவர்களுக்கு வேண்டியது வேறாக இருக்கும்.

நான் மாட்டிக்கொண்ட கதை இது. அக்கம்பக்கக் குழு ஒன்று மறுபயனீட்டைப் பற்றிக் குடியிருப்பாளர்களுக்குச் சொல்ல உதவி கேட்டது. நான் செய்தித் தயாரிப்பாளர் ஆயிற்றே! நாலு நிமிடக் காணொளி, பின்னணி இசை, துணைத் தலைப்பு என்று திட்டம் போட்டுக்கொண்டு போனேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றைக் காட்டினார்கள். மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பு. நான்கு மொழிகளிலும் இருந்தது. தமிழ்ப் பகுதியில் எழுத்துகள் உடைந்து, கால் ஒரு பக்கம் கொம்பு ஒரு பக்கம் என்று கிடந்தன. படித்தாலும் பொருள் வரவில்லை.

"இதைச் சரியா எழுதிக் கொடுத்தாலே போதும்."

ஒரு பக்கம். அரை மணி நேர வேலை. எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது, போடும் முன் கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

அது சின்ன விஷயம் இல்லை. 2023இல் வீடுகளின் மறுபயனீட்டு விகிதம் 12 விழுக்காடுதான். நீல நிற மறுபயனீட்டுத் தொட்டிகளில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு உணவு, திரவம் போன்றவற்றால் கெட்டுப்போய்ப் பயன்படாமல் போகிறது என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்லியிருக்கிறது. பிழையான அறிவிப்பைப் படித்துவிட்டு ஒரு பாட்டி குழம்பு ஒட்டிய பாத்திரத்தை அதில் போட்டால் தவறு அவருடையது அல்ல.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களுக்கு இரண்டு மொழி தெரியும். அலுவலகத்தில் அதற்குப் பெரிய மதிப்பு இல்லாமல் இருக்கலாம். உங்கள் வட்டாரத்தில் அது அரிதான திறமை. சிண்டாவின் வாசிப்புத் திட்டத்தில் ஒரு குழந்தையோடு உட்கார்ந்து படிப்பதற்கும், ஒரு முதியவருக்கு டெங்கி எச்சரிக்கையைப் புரியவைப்பதற்கும், ஒரு சுற்றுப்புற அமைப்பின் வழிகாட்டியைத் தமிழில் எழுதுவதற்கும் பேருந்தும் பதாகையும் தேவையில்லை.

"விருப்பம்தான், ஆனா..."

தொண்டூழியம் என்ற சொல்லிலேயே விருப்பம் இருக்கிறது. அலுவலகத்தில் அது எப்போதும் அப்படி இருப்பதில்லை. மேலதிகாரி பட்டியலைப் பார்க்கிறார். போகாதவர்களின் பெயர் தெரிகிறது. "கட்டாயம் இல்லை" என்று சொல்லும் விதத்திலேயே கட்டாயம் தெரிந்துவிடுகிறது.

இங்கே ஒரு கேள்வியைக் கேட்டால் பாதி தெளிவாகிவிடும். யாருடைய நேரம்?

வேலை நாளில், சம்பளத்தோடு போனால் நிறுவனம் நேரத்தைக் கொடுக்கிறது. சனிக்கிழமை, மாற்று விடுப்பு இல்லாமல் போனால் நீங்கள் கொடுக்கிறீர்கள். நீங்கள் விரும்பிக் கொடுத்தால் அது நல்ல விஷயம். ஆனால் அதை நிறுவனம் தன் கொடையாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது. சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டத்தில் தொண்டூழிய விடுப்பு என்று ஒன்று இல்லை. கொடுப்பதும் கொடுக்காததும் நிறுவனத்தின் முடிவு.

இந்த வசதி யாருக்குக் கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மேசை வேலை பார்ப்பவர் ஒரு நாள் சதுப்புநிலத்துக்குப் போகலாம். அதே கட்டடத்தின் பாதுகாவலரும் துப்புரவு ஊழியரும் அன்றைக்கும் வேலையில்தான் இருப்பார்கள். ஊர் சுத்தமாக இருப்பது பெரும்பாலும் அவர்களால்தான். 2021 ஏப்ரல் 25 அன்று முதன்முறையாக 'எஸ்ஜி கிளீன் டே' நடந்தபோது, ஒரு நாள் பொது இடங்களைப் பெருக்கும் பணி நிறுத்தப்பட்டது. தினமும் யாரோ பெருக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை எல்லாருக்கும் நினைவுபடுத்தத்தான்.

படத்துக்குப் பின்னால் என்ன?

நிறுவனத்தின் சுற்றுப்புறப் பொறுப்பை அளக்கத் தொண்டூழிய மணி நேரம் சரியான அளவுகோல் அல்ல. ஒரு நிறுவனம் ஆண்டுக்கு ஒருமுறை கடற்கரையைச் சுத்தம் செய்யலாம். மீதி 364 நாள் அதன் தொழில் என்ன செய்கிறது?

அதைத் தெரிந்துகொள்ள இப்போது வழி உள்ளது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் 2025 நிதியாண்டிலிருந்து, தங்கள் செயல்பாடுகள் நேரடியாக வெளியிடும் கரியமிலத்தையும் வாங்கும் மின்சாரத்தால் வெளியாவதையும் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். அறிக்கையைத் திறந்தால் படம் உள்ள பக்கத்துக்கு முன்னால் அந்த எண் உள்ள பக்கத்தைப் பாருங்கள். எண் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதா? குறைந்தால், கடற்கரைப் படத்தையும் மகிழ்ச்சியோடு பார்க்கலாம்.

அடுத்த மின்னஞ்சல் வந்தால் என்ன கேட்கலாம்?

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர் எதிர்க்கேள்வி கேட்பது சுலபம் இல்லை. ஆனால் இந்த ஐந்தையும் யார் மனமும் நோகாமல் கேட்கலாம்.

1. தேதியையும் நேரத்தையும் யார் முடிவு செய்தது? அமைப்பு சொன்னதா, நமக்கு வசதியானதா?

2. எத்தனை பேர் வந்தால் அவர்களுக்கு உதவி, எத்தனை பேர் வந்தால் சுமை? இருபது பேர் போதும் என்றால் இருபது பேரே போகலாம்.

3. நிகழ்ச்சிக்கு ஆகும் செலவை நாம் கொடுக்கிறோமா? ஆட்களை அனுப்பிவிட்டு கையுறைக்கும் போக்குவரத்துக்கும் அமைப்பையே செலவு செய்யச் சொல்வது நியாயம் இல்லை.

4. அன்று சேரும் தகவல் எங்கே போகிறது? எண்ணினோமா, பதிவு செய்தோமா, யாருக்காவது அனுப்பினோமா?

5. திரும்பிப் போக விரும்புபவர்களுக்கு வழி உண்டா? அறுபதில் ஐந்து பேருக்குப் பிடித்துவிட்டால், அவர்களுக்கு மாதம் ஒரு பிற்பகல் விடுப்பு கிடைக்குமா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒரு நாள் நிகழ்ச்சியின் உண்மையான பலன் அந்த ஐந்து பேர்தான். மீதி ஐம்பத்தைந்து பேர் திரும்பி வராதது குற்றம் இல்லை. ஆனால் அந்த ஐந்து பேரையும் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டால், நிறுவனம் கொடுத்த சம்பளமும், அமைப்பு கொடுத்த காலை நேரமும், நாம் எல்லாரும் விட்டுக்கொடுத்த வரியும் ஒரு படத்தோடு முடிந்துபோகும்.

அலுவலகத்தை நம்பி இருக்க வேண்டும் என்றும் இல்லை. கிவிங் டாட் எஸ்ஜி இணையத்தளத்தில் எந்த அமைப்புக்கு என்ன உதவி தேவை என்று பட்டியல் இருக்கிறது. 1998 முதல் செயல்படும் வாட்டர்வேஸ் வாட்ச் சொசைட்டி போன்ற அமைப்புகள் படகிலும் சைக்கிளிலும் போய் நீர்நிலைகளைச் சுத்தம் செய்கின்றன. தனியாகவும் சேரலாம்.

எங்கள் குழுவை அன்று புல்வெளிக்கு அழைத்துப் போன அந்த ஒருங்கிணைப்பாளரிடம், கிளம்பும்போது நான் ஒன்று கேட்டேன். மறுபடி எப்போது வரலாம்? அவர் உடனே பதில் சொல்லவில்லை. கைப்பேசியை எடுத்து, கடல்மட்ட அட்டவணையைத் திறந்து பார்த்துவிட்டு ஒரு தேதி சொன்னார். செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி.

நாங்கள் மூன்று பேர் போனோம். அன்றைக்குத் தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது.